ஒன்பது கிலோமீட்டர்

ஜனவரி 20, திங்கள்

ரசாயனப் பொருள் விற்கும் கம்பெனி ஒன்று எங்கள் ரத்தப் பரிசோதனை லேபுக்கு இரண்டு டைரி கொடுத்திருந்தது. லேபை நடத்தும் லோகநாதன் சார் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை என்னிடம் தந்தார். மூன்று வாரமாக ஃப்ரிட்ஜ் மேல் சும்மா கிடந்தது. இன்று எழுத ஒரு விஷயம் இருக்கிறது.

லேபுக்குப் புது மெஷின் வருகிறது. இதுவரை மூன்று பேர் பார்த்த வேலைக்கு இனி இரண்டு பேர் போதுமாம். அந்த மூன்றாவது ஆள் நான். சார் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னபோதே புரிந்துவிட்டது. ஆனால் அவர் என்னை அனுப்பிவிடப் பார்க்கவில்லை. வயதானவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்துவந்துகொண்டிருந்த சந்திரன், வேலையை விட்டுவிட்டு ஈரோட்டுக்குப் போய்விட்டார். அந்த வேலையை எனக்குத் தருவதாகச் சொன்னார். கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றி இருபது கிலோமீட்டர் வரை போக வேண்டியிருக்கும். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தத்துக்கு விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் அந்த ஊர்களுக்கு பஸ் கிடையாது.

"உங்க கைக்கு நரம்பு கிடைக்காத ஆளே இல்லீங்க. வண்டி மட்டும் பழகிருங்க. ஏப்ரலுக்குள்ள பழகுனீங்கன்னா அந்த வேலை உங்களுதுதான்," என்றார்.

பழகாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. சைக்கிள்கூட ஆறாம் வகுப்பில் ஓட்டியதோடு சரி. கல்யாணமாகி இருபத்தொரு வருஷம் இவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்தே போய்வந்திருக்கிறேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சென்னியப்பன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். தினமும் காலையில் என்னை லேபில் இறக்கிவிட்டுத்தான் சங்கத்துக்குப் போவார். போன செப்டம்பரிலிருந்து இவருக்கு முட்டி வலி. வண்டி ஓட்டுவதில்லை. இருவரும் பஸ்ஸில் போகிறோம்.

ஜனவரி 23, வியாழன்

இவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பஸ் இருக்கிறதே, எதற்கு வண்டி என்றார். அந்த நேரத்தில் பஸ் இல்லை என்றேன். வேலை போனால் போகட்டும், வீட்டில் இரு என்றார். மகன் கவின் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறான், வீட்டில் இருந்து நான் யாருக்கு என்ன செய்யப்போகிறேன் என்றேன். கை கழுவ எழுந்து போய்விட்டார்.

பழைய சேலை ஒன்றைக் கிழித்துத் தலையணைக்கு உறை தைத்தேன். நான்கு உறை.

ஜனவரி 26, ஞாயிறு

லேபில் பில் போடும் ஹேமாவுக்கு எதைச் சொன்னாலும் மறுநாளே செய்து முடித்துவிட வேண்டும். பிலோமினா டீச்சர் என்பவர் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போகிறார், ஸ்கூட்டரை விற்கிறார் என்று கண்டுபிடித்துவந்தாள். எட்டு வருஷத்து வண்டி. ஒரே கையில் இருந்தது. சாம்பல் நிறம். தெரிந்த மெக்கானிக் அன்வரையும் கூட்டிப்போனோம்.

டீச்சர் எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், எங்கெல்லாம் கீறல் இருக்கிறது என்று மட்டும் காட்டினார். இது பள்ளிக்கூட கேட்டில் இடித்தது, இது தேவாலயத்தில் நிறுத்தியிருந்தபோது யாரோ உரசியது. அன்வர் முன்சக்கரத்தைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். விழுந்து வளைந்த வண்டியா என்று அதில் தெரிந்துவிடுமாம். இல்லை என்றார். எஞ்சினைக் காதுகொடுத்துக் கேட்டார். பெல்ட் ஒன்று மாற்ற வேண்டும், பேட்டரி இந்தக் கோடை தாங்காது, மற்றபடி கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவளிடம்தான் சொல்கிறார்.

ஜனவரி 29, புதன்

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அன்வர்தான் ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். எனக்கு ஸ்டாண்டு போடக்கூடத் தெரியவில்லை. இவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. அன்வர் போன பிறகு, முன்னால் லைட் எரிகிறதா என்று உள்ளிருந்தே கேட்டார். எரிகிறது என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பழகுநர் உரிமம் வாங்கியாயிற்று. கம்ப்யூட்டரில் கேள்வி கேட்டார்கள். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது மாதிரி. எல்லாவற்றுக்கும் நிறுத்த வேண்டும் என்ற பதிலையே தேர்ந்தெடுத்தேன். தேறிவிட்டேன்.

சாயங்காலம் ஹேமா வந்து பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். இருபத்தாறு வயதுப் பெண், என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே டீச்சர் மாதிரி அதட்டினாள். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி பாய்ந்தது. பயந்து கையைத் தளர்த்தினால் நின்றது. பாய்ந்து நின்று பாய்ந்து நின்று மைதானத்தைப் பாதி சுற்றினேன். இரண்டு காலும் தரையில் தேய்ந்தன. செருப்பின் முனை போய்விட்டது.

"கீழ பாக்காதீங்கக்கா. கீழ பாத்தா கீழதான் போவோம். போற எடத்தப் பாருங்க," என்றாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

மைதானத்தை ஒரு முழுச் சுற்று, காலை ஊன்றாமல்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விழுந்துவிட்டேன். வாய்க்கால் கரையில் திருப்பத்தில் மணல் இருந்தது. ஹேமா பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை, நல்லவேளை. முழங்கையிலும் கணுக்காலிலும் சிராய்ப்பு. வண்டிக்கு ஒரு கண்ணாடி போயிற்று. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வந்து தூக்கிவிட்டார்கள். வலித்ததைவிட, அத்தனை பேர் பார்த்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு பஞ்சும் மருந்தும் எடுத்துவந்தார். மருந்து பாதி தரையில் கொட்டியது. வாங்கி நானே போட்டுக்கொண்டேன். நான் தினமும் நாற்பது பேர் ரத்தத்தைப் பார்க்கிறவள், இது ஒன்றுமில்லை என்றேன்.

"வித்துரு வசந்தா," என்றார். முட்டி வலிக்கிறதென்று சீக்கிரமே போய்ப் படுத்துவிட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

வண்டியைத் தொடவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்றும் தொடவில்லை. ஹேமா கேட்டதற்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது என்று சொன்னேன். வீக்கம் நேற்றே வடிந்துவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள். ஆள் வரவில்லை. இவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினார். பதினாறு படி. தொட்டிக்குள் இறங்கிக் குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேய்த்தார். இறங்கிவந்து காபி கேட்டார். கொடுத்தேன். முட்டியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டுவந்து, அதே வாய்க்கால் கரைக்குத் தனியாகப் போனேன். அந்தத் திருப்பத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தேன். பிறகு திரும்பிவந்து ஓட்டிக் கடந்தேன். மறுபடி ஒருமுறை. களை எடுக்கும் பெண்கள் இன்று இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

முதன்முதலாக மெயின் ரோடு. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் யாருக்காக அடித்தாரோ, நான் ஓரம் கட்டி இறங்கி நின்றுவிட்டேன். பிறகு ஒரு கரும்பு லாரி, அதன் பின்னால் இன்னொன்று. இடைவெளி கிடைக்கவே இல்லை. அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். கறிக்கடை முன்னால் ஒருவர், பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று அக்கறையாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

இவர் பஸ்ஸில் கோபிக்குப் போய் ஹெல்மெட் வாங்கிவந்திருக்கிறார். பையிலிருந்து எடுத்து எனக்கு மாட்டி, தாடைக்குக் கீழே விரல் விட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதே அளவு, அதே நிறம். ஒன்று போதுமே என்றேன்.

"பின்னால யாராச்சும் உக்காந்தா அவிங்களுக்கும் ஒரு தலை இருக்குதல்ல," என்றார்.

இதுவரை முட்டி வலி என்றே எழுதி வந்திருக்கிறேன். டைரி ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது, இவர் எடுத்துப் படித்துவிடுவாரோ என்பதுதான் காரணம். வலி முட்டியில் இல்லை.

போன செப்டம்பர் எட்டாம் தேதி இவரும் இவர் சிநேகிதர் குழந்தைவேலும் அந்தியூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து சேர்ந்தே திரிந்தவர்கள். திரும்பி வரும்போது சாயங்காலம் ஐந்தரை மணி, நல்ல வெளிச்சம். நாய் ஒன்று குறுக்கே ஓடிவந்தது. இவர் பிரேக் பிடித்தார், வண்டி சரிந்தது. இவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. பின்னால் இருந்த குழந்தைவேலின் தலையில் இல்லை. இவருக்கு முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். குழந்தைவேல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

எதற்கும் கவனித்துப் பார்க்க இவரை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது குழந்தைவேல் வீட்டில் எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. நான் மட்டும் போயிருந்தேன். கூட்டத்தின் பின்னால் நின்றுவிட்டு வந்துவிட்டேன். இவர் அந்த வீட்டுக்கு இன்றுவரை போகவில்லை. அவர்கள் ஊரான மேட்டுவலவு இங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர்தான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விடுவித்த வண்டியை, திரும்பிக்கூடப் பார்க்காமல் அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டார். முதலில் கேட்ட ஒருவரிடம் முட்டி வலி என்றார். பிறகு எல்லோரிடமும் அதையே சொன்னார். நானும் அதையே சொன்னேன். ஆறு மாதமாக இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இல்லாத ஒரு முட்டி வலியைப் பார்த்துக்கொண்டு வருகிறோம்.

இதை எழுதிவிட்டேன். படித்தால் படிக்கட்டும்.

மார்ச் 12, புதன்

ஓட்டுநர் உரிமத் தேர்வு. எட்டு போட வேண்டும். முதல் தடவை கால் ஊன்றிவிட்டேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், மூச்சு விட்டுவிட்டு மறுபடி போடுங்கம்மா என்றார். போட்டேன். எனக்கு முன்னால் நின்ற காலேஜ் பெண் கை தட்டினாள்.

வீட்டில் சொன்னதும் இவர் சரி என்றார். சர்க்கரை வாங்கிவந்து கேசரி செய்யச் சொன்னார்.

மார்ச் 31, திங்கள்

நாளையிலிருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை ஆரம்பம். சோதனைக்காக இன்று லேப் வரை மெயின் ரோட்டில் போய்வந்தேன். வலது பக்கம் திரும்பும் இடத்தில் எதிரே வந்த டிராக்டர்காரர் நிறுத்தி எனக்கு வழிவிட்டார். வீடு வந்து பார்த்தால் இண்டிகேட்டர் அணைக்காமலேயே மூன்று கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நான்கு வீடு. ஐந்தரைக்குக் கிளம்பினேன். இவர் எனக்கு முன்பே எழுந்து கேட்டைத் திறந்து வைத்திருந்தார். ரத்தக் குழாய்கள் வைக்கும் ஐஸ் பெட்டியைக் காலடியில் வைத்து, குலுங்காமல் இருக்கச் சுற்றிலும் துண்டு செருகியிருந்தேன். வாய்க்கால் ஓரம் இருட்டில் நெல்வயல் தெரியவே இல்லை. முப்பதுக்கு மேல் போகவில்லை. பால்காரர்கள் எல்லோரும் என்னை முந்திப் போனார்கள்.

மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர். சந்திரன் இரண்டு தடவை குத்தியும் கிடைக்காத நரம்பு, எனக்கு ஒரே தடவையில் கிடைத்தது. வலிக்கவே இல்லையே என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழே முக்காலுக்கு நான்கு வீட்டு ரத்தத்தோடும் லேபில் நின்றேன். சார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ சொன்னார்.

ஏப்ரல் 3, வியாழன்

நாளைய பட்டியலில் மூன்றாவது பெயர்: கருப்பாயம்மாள், வயது எழுபத்தொன்று, சர்க்கரை, மேட்டுவலவு. கைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் மருமகள் செல்வநாயகி என்று எழுதியிருக்கிறது. செல்வநாயகி குழந்தைவேலின் மனைவி.

வேறு யாரையாவது அனுப்பச் சொல்லலாம் என்றால் வேறு யாரும் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

போனேன். வாசலில் வண்டியை நிறுத்தியதும் செல்வநாயகி வந்து, லேபிலிருந்துங்களா என்றாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அடையாளம் தெரிய அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று. பிறகு உள்ளே போய் நாற்காலி எடுத்துவந்து போட்டாள்.

நான் வேலையைப் பார்த்தேன். கருப்பாயம்மாளுக்குப் பார்வை மங்கல், நான் யாரென்று தெரியவில்லை. கை பூப்போல இருக்கிறது என்று என்னைப் புகழ்ந்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குழாயில் பெயர் எழுதி ஒட்டிவிட்டு எழுந்தேன். செல்வநாயகி காபியோடு நின்றிருந்தாள்.

"அண்ணன் எப்படி இருக்காருங்க்கா?"

முட்டி வலி என்று வாய் வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். வேலைக்குப் போய்வருகிறார், மற்றபடி எங்கும் போவதில்லை, வண்டியைத் தொடுவதில்லை என்றேன்.

அவள் காபி டம்ளரை என்னிடம் நீட்டினாள். "அண்ணன் மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. நாய் வந்தா யாரு என்ன பண்ணுவாங்க. ஆனா அவுரு வருவாரு வருவாருன்னு பாத்தனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்கூட்டுக்காரரு கடைசியா என்ன பேசிட்டு வந்தாருன்னு. அதைய நான் வேற யாருகிட்டக் கேக்கறது? கூட இருந்தது அண்ணன் மட்டுந்தானுங்களே," என்றாள்.

காபியைக் குடித்தேன். திரும்பும்போது வாய்க்கால் பாலத்தில் நிறுத்தினேன். பெட்டியை வெயில் படாமல் தள்ளிவைத்துவிட்டு, தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன்.

ஏப்ரல் 5, சனி

இவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

சொன்னேன். செல்வநாயகி கேட்டதை, அவள் கேட்ட வார்த்தையிலேயே சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அவ அடிச்சிருந்தாக் கூடப் பரவால்ல," என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து, "அதைய எப்படி நான் போயிச் சொல்றது? அது அவகிட்டச் சொல்லக்கூடாதுன்னு அவன் சொன்னது," என்றார்.

நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். கடனோ, வேறு எதுவோ என்று மனம் ஓடியது. கேட்கவில்லை. அவருக்குச் சொல்லத் தோன்றினால் அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 18, வெள்ளி

கருப்பாயம்மாளுக்குப் பதினைந்து நாள் கழித்து மறுபரிசோதனை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. செல்வநாயகி இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. தோட்டத்தைப் பற்றிப் பேசினாள். அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது, குத்தகைக்குக் கேட்கிறார்கள், கொடுக்க மனமில்லை என்றாள். கிளம்பும்போது ஒரு கட்டு முருங்கைக்காயை வண்டியின் கொக்கியில் மாட்டிவிட்டாள்.

இவர் சமையலறையில் அதைப் பார்த்துவிட்டு எங்கே வாங்கியது என்றார். சொன்னேன். குனிந்து ஒரு காயை எடுத்து முறித்துப் பார்த்தார்.

"அந்த மரம் காச்சிருச்சா," என்றார். "குழி வெட்டறப்ப நானுங்கூட இருந்தேன்."

குழம்பை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையில் நின்றார். வண்டிக்கு இன்று வேலை இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் போகலாம் என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தார். இருபத்தொரு வருஷத்தில் இவர் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் பின்னால் ஆளை வைத்து ஓட்டி அவ்வளவாகப் பழக்கமில்லை. வண்டி கனமாக, வேறு வண்டி மாதிரி இருந்தது. இருபத்தைந்தில் போனேன். அவர் இரண்டு கையாலும் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்திருந்தார். மூச்சு விடுவது ஹெல்மெட்டையும் மீறிக் கேட்டது.

நாலாவது கிலோமீட்டரில் ஒரு வீட்டு வாசலில் நாய் எழுந்து நின்றது. ரோட்டுக்கு வரவே இல்லை, உடம்பை நெளித்துவிட்டு நின்றது, அவ்வளவுதான். "நிறுத்து," என்றார். நிறுத்தினேன். இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பி வீட்டுப் பக்கம் நடப்பாரோ என்று நினைத்தேன். மேட்டுவலவுப் பக்கம்தான் நடந்தார்.

நான் முன்னால் போய் ஒரு வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். கூடவே ஓட்டிக்கொண்டு போனால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் குடித்தார். மறுபடியும் ஏறினார். இந்தத் தடவை ஒரு கை என் தோளில் இருந்தது.

செல்வநாயகி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, வாங்கண்ணா என்றாள். இவர் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று பயந்திருப்பார் போலிருக்கிறது.

"கல்யாணத்துக்குப் போறப்ப முழுக்க உன்னையத்தான் திட்டிட்டு வந்தாம்மா. அரை ஏக்கர்ல என்ன வாழை வெக்கறதுன்னு. அவனுக்குக் கதலி வெக்கோணும், நீ நேந்திரன்னு ஒத்தக் கால்ல நிக்கறீன்னு. திரும்பி வர்றப்ப வழியில ஒரு தோப்பைப் பாத்தோம். நேந்திரன், தார் ஒவ்வொண்ணும் இடுப்பு உசரம். அதைப் பாத்துட்டுச் சும்மா வந்தான். அப்பறம் என்ற தோள்ல தட்டி, செல்வி சொன்னதுதான்டா சரி, ஆனா நான் ஒத்துக்கிட்டேன்னு அவகிட்டச் சொல்லிராதன்னான். சிரிச்சான். நானும் சிரிச்சேன். அப்பத்தான் அந்த நாயி வந்துச்சு."

நான் நினைத்துப் பயந்ததெல்லாம் எவ்வளவு கேவலம் என்று இருந்தது.

செல்வநாயகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "பதினேழு வருசத்துல ஒரு நாளுங்கூட ஒத்துக்கிட்டதில்லீங்கண்ணா," என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். உள்ளேயிருந்து கருப்பாயம்மாள், யார் வந்திருப்பது என்று கேட்டார். இவர் போய் அவர் காலடியில் உட்கார்ந்து, சென்னியப்பன்ம்மா என்றார். பெரியம்மா இவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏன்டா இத்தனை நாள் வரவில்லை என்று மட்டும் கேட்டார்.

இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். வழியில் இவர் இறங்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

இவர் காலையிலேயே பஸ் பிடித்து மேட்டுவலவு போயிருக்கிறார். தோட்டத்தை உழ டிராக்டருக்குச் சொல்லியிருக்கிறார்களாம். நேந்திரன் கன்று எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று சங்கத்தில் விசாரித்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப்போயிருக்கிறார்.

மே 4, ஞாயிறு

இன்று நான் போன வேலை ரத்தம் எடுக்கும் வேலை அல்ல. செல்வநாயகி போன வாரம் போனில் கேட்டாள், வண்டி பழக எத்தனை நாளாகும் என்று. பால் சொசைட்டிக்குத் தினமும் இரண்டு வேளை கேன் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். இனித் தோட்டத்துக்கும் போய்வர வேண்டும். எனக்கு ஒரு மாதம் ஆயிற்று, நடுவில் ஒரு வாரம் பயந்துகொண்டு ஓட்டவில்லை, அதைக் கழித்துக்கொள் என்றேன்.

நெல் காயவைக்கும் களத்தில் வைத்துப் பழக்கினோம். பரந்த சிமென்ட் களம், இப்போது காலியாகக் கிடக்கிறது. அவள் உட்கார்ந்தாள், நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். போகிற இடத்தைப் பார், கீழே பார்க்காதே என்று கத்திக்கொண்டே ஓடினேன். இவர் களத்து மேட்டில் நின்று, வலது கையை மெதுவா, மெதுவாம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் என்னைவிடத் துணிச்சல்காரி. நாலாவது தடவை நான் கையை விட்டதை அவள் கவனிக்கவில்லை. களத்தின் அந்தக் கோடி வரை போய்விட்டாள். அங்கே போன பிறகுதான் எப்படித் திருப்புவதென்று தெரியாமல் நிறுத்தி இறங்கிவிட்டாள். ஸ்டாண்டு போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே நடந்துவந்தாள்.

வெயில் ஏறிவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமென்று அவள் வீட்டுக்குள் போனாள். நான் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வண்டி அந்தக் கோடியில் தனியாக நின்றது. இவர் எடுத்துவரப் போனார்.

முதலில் தள்ளிக்கொண்டுதான் வந்தார். பாதித் தூரம் வந்ததும் நின்றார். சுற்றும்முற்றும் பார்த்தார். நான் உடனே குனிந்து, காலைக் கழுவுகிறவள் மாதிரி இருந்தேன். வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. நிமிராமல் ஓரக்கண்ணால் பார்த்தேன். நடக்கிறவரின் வேகத்தில், இரண்டு காலையும் தரைக்கு ஒட்டினாற்போலத் தொங்கவிட்டுக்கொண்டு, இவர் களத்தைக் கடந்து வந்தார். நேராக வேப்பமர நிழலில் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்தார்.

நான் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே அருகில் போனேன். இவர் என்னைப் பார்க்காமல் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின் பிரேக் தொளதொளன்னு இருக்குது. நாளைக்கு அன்வர்கிட்டக் கொண்டு போயி இறுக்கச் சொல்லு," என்றார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இல்ல, இரு. நானே கொண்டு போறேன்," என்றார்.